இரு பருவங்களின் ஆட்டக்காரர்: ஆர்தர் மில்டன்

இங்கிலாந்தின் ஆடவர் கால்பந்து அணிக்கும் ஆடவர் டெஸ்ட் கிரிக்கெட் அணிக்கும் ஆடியவர்கள், அவ்விரு விளையாட்டுகளின் நெடிய வரலாற்றில் பன்னிரண்டு பேர் மட்டுமே. அந்த வரிசையில் 1958ஆம் ஆண்டு பன்னிரண்டாமவராக இடம்பெற்ற ஆர்தர் மில்டனுக்குப் பிறகு இன்றுவரை பதின்மூன்றாவது பெயர் சேரவில்லை. குளிர்காலத்தில் இலண்டனின் ஆர்சனல் கழகத்துக்காகவும் கோடையில் குளோஸ்டர்ஷயர் கவுண்டிக்காகவும் ஆடிய அவருடைய வாழ்க்கை தனிமனிதத் திறமையின் வரலாறாக மட்டுமன்றி, ஒரு மனிதன் இரண்டு ஆட்டங்களையும் பிழைப்பாகக் கொள்ள இடம் தந்த ஒரு காலத்தின் வரலாறாகவும் அமைகிறது. அந்தக் காலம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு மறைந்தது என்பதை அவருடைய வாழ்க்கையை ஊன்றிப் பார்க்கும் எவரும் அறிந்துகொள்ள முடியும்.

பன்னிரு பெயர்கள்

ஒரே நாட்டுக்காக இரண்டு விளையாட்டுகளில் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடியவரை 'இரட்டைப் பன்னாட்டு வீரர்' என்று அழைப்பது விளையாட்டு வரலாற்றாளர்களின் வழக்கம். இங்கிலாந்தில் இச்சொல் பெரும்பாலும் கிரிக்கெட், கால்பந்து ஆகிய இரண்டையும் குறித்தே வழங்கி வந்திருக்கிறது. 1877இல் கால்பந்திலும் 1880இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் ஆடிய ஆல்ஃபிரட் லிட்டல்டன் இந்த வரிசையின் முதல்வர். அவருக்குப் பின் வில்லியம் கன், லெஸ்லி கே, இரண்டு விளையாட்டுகளிலும் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.ஈ. ஃபாஸ்டர், நீளம் தாண்டுதலில் உலகச் சாதனையைச் சமன்செய்த சி.பி. ஃபிரை, ஜாக் ஷார்ப், ஹாரி மேக்பீஸ், வாலி ஹார்டிஞ்ச், ஆண்டி டூகாட், ஜான் ஆர்னல்ட், வில்லி வாட்சன் ஆகியோர் இடம்பெற்றனர்.

இந்த எண்ணிக்கை கண்டிப்பான வரையறையைக் கொண்டது. மிடில்செக்ஸ் கவுண்டியின் புகழ்பெற்ற மட்டையாளரும் ஆர்சனலின் முன்கள வீரருமான டெனிஸ் காம்ப்டன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்து கால்பந்து அணிக்காகப் பன்னிரண்டு முறை ஆடியிருந்தும், போர்க்கால ஆட்டங்கள் அதிகாரபூர்வமானவையாகக் கருதப்படாததால் பட்டியலில் சேரவில்லை. உலகமே அறிந்த காம்ப்டனுக்குக் கிடைக்காத இந்த இடம், பிரிஸ்டல் நகருக்கு வெளியே அதிகம் பேசப்படாத மில்டனுக்குக் கிடைத்தது.

பிரிஸ்டலிலிருந்து ஹைபரிக்கு

மில்டன் 1928 மார்ச் 10 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள துறைமுக நகரான பிரிஸ்டலின் பெட்மின்ஸ்டர் பகுதியில் பிறந்தார். அந்நகரின் காதம் கிராமர் பள்ளியில் படிக்கும்போதே பந்தைக் கையாளும் ஆட்டங்கள் அனைத்திலும் தேர்ச்சி காட்டிய அவரை, போர் முடிவுற்ற காலத்தில் ஆர்சனல் கழகம் அழைத்துக்கொண்டது. 1946இல் அக்கழகத்தின் தொழில்முறை வீரராக ஒப்பந்தமான அவர், அக்கால இளைஞர் அனைவருக்கும் கட்டாயமாக இருந்த இராணுவச் சேவையையும் முடித்து, 1948இல் குளோஸ்டர்ஷயர் கவுண்டியின் முதல்தர கிரிக்கெட் அணியில் இடம்பெற்றார். கால்பந்தில் முதல் அணிக்குள் நுழைய அவர் 1951 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்சனலின் வலப்புற முன்களத்தில் ஃபிரெடி காக்ஸ் முதலான அனுபவசாலிகள் வேரூன்றியிருந்ததே அதற்குக் காரணம்.

வலப்புற முன்கள வீரர் என்பவர் ஆடுகளத்தின் வலது எல்லைக் கோட்டை ஒட்டியே ஓடி, எதிரணியின் தற்காப்பு வீரரைக் கடந்து, நடுவில் காத்திருக்கும் தாக்குதல் வீரருக்குப் பந்தை அனுப்ப வேண்டியவர். வேகமும், உடலை ஒரு பக்கம் சாய்ப்பதுபோல் காட்டி மறுபக்கம் திரும்பும் சமநிலையும் இல்லாதவருக்கு அந்த இடம் பொருந்தாது. மில்டனிடம் இவ்விரண்டும் இருந்தன. கிரிக்கெட்டில் விக்கெட்டுகளுக்கிடையே அவர் ஓடிய ஓட்டத்தையும் மட்டையாளருக்கு அருகில் நின்று பிடித்த கேட்சுகளையும் கண்டவர்கள், ஆர்சனலின் ஹைபரி மைதானத்தின் வலது ஓரத்தில் வளர்ந்த அதே கால்களையும் அதே கண்களையும்தான் கண்டார்கள்.

முதல் அணியில் ஏறத்தாழ ஒரு டஜன் ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், 1951 நவம்பர் 28 அன்று வெம்ப்ளி மைதானத்தில் ஆஸ்திரியாவுக்கு எதிராக ஆட இங்கிலாந்து அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்துக்கு உரியவரான பிரஸ்டன் கழகத்தின் டாம் ஃபினி காயமடைந்திருந்ததால் வந்த வாய்ப்பு அது. நடுக்களத்தில் எர்ன்ஸ்ட் ஆட்ஸ்விர்க் ஆட்டத்தை வழிநடத்திய ஆஸ்திரிய அணி அப்போது ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. பில்லி ரைட் தலைமையில், ஐவர் பிராடிஸ், நாட் லாஃப்ட்ஹவுஸ் ஆகியோருடன் முன்களத்தில் மில்டன் ஆடிய அந்த ஆட்டம் 2-2 என்ற கணக்கில் சமநிலையில் முடிந்தது. இருபத்து மூன்று வயதில் அவர் ஆடிய அதுவே கால்பந்தில் அவருடைய முதலும் கடைசியுமான பன்னாட்டு ஆட்டம். ஃபினி குணமடைந்து திரும்பியபின் அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேடும் தேவை தேர்வாளர்களுக்கு எழவில்லை.

பத்தில் ஒரு பங்கினும் சிறிய இடைவெளி

ஃபினியின் பெயர் மில்டனின் வாழ்க்கையில் இன்னொரு முறையும் குறுக்கிட்டது. 1952-53ஆம் ஆண்டு லீக் போட்டியில் ஆர்சனலும் ஃபினியின் பிரஸ்டனும் 42 ஆட்டங்களின் முடிவில் தலா 54 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. இன்று இவ்வாறு நேர்ந்தால் அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் வித்தியாசத்தைக் கொண்டு வெற்றியாளரை முடிவுசெய்வார்கள். அக்காலத்தில் 'கோல் சராசரி' என்ற முறை நடைமுறையில் இருந்தது. அதாவது அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து, எந்த அணியின் ஈவு பெரியதோ அந்த அணியே முதலிடம் பெறும். ஆர்சனல் 97 கோல்களை அடித்து 64 கோல்களை வாங்கியிருந்தது; பிரஸ்டன் 85 கோல்களை அடித்து 60 கோல்களை வாங்கியிருந்தது. வகுத்துப் பார்த்தபோது ஆர்சனலுக்கு 1.516, பிரஸ்டனுக்கு 1.417. பத்தில் ஒரு பங்கினும் சிறிய அந்த இடைவெளியில் லீக் பட்டம் ஆர்சனலுக்குச் சென்றது.

அந்தப் பருவத்தில் மில்டன் 25 லீக் ஆட்டங்களில் ஆடி 7 கோல்கள் அடித்திருந்தார். முடிவு இத்தனை மெல்லிய நூலிழையில் தொங்கியதால், பருவம் முழுவதும் அடித்த ஒவ்வொரு கோலுக்கும் பட்டத்தில் பங்குண்டு. அந்த ஏழு கோல்களைக் கழித்துப் பார்த்தால் கோல் சராசரியில் ஆர்சனல் பிரஸ்டனுக்குப் பின்னால் நின்றிருக்கும். பன்னாட்டு அரங்கில் ஃபினி வராத ஒரு நாள் மட்டும் இடம்பெற்ற மனிதர், லீக் அரங்கில் அதே ஃபினியின் அணியை முந்திய அணியில் தம் பங்கை அளித்து வெற்றிப் பதக்கத்தைப் பெற்றார். ஃபினி தம் வாழ்நாளில் அந்த லீக் பட்டத்தை ஒருமுறையும் பெறவில்லை.

இரண்டு வேலை, இரண்டு கூலி

இவ்வாறான இரட்டை வாழ்க்கையை அக்கால நாட்காட்டியே சாத்தியமாக்கியது. கால்பந்துப் பருவம் ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கி ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ முடிந்தது. கிரிக்கெட் பருவம் மே மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்தது. ஆண்டின் இரு ஓரங்களிலும் சில வாரங்கள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அந்த வாரங்களில் கழகமும் கவுண்டியும் விட்டுக்கொடுத்துப் போனால் ஒருவர் இரண்டிலும் ஆடலாம். ஆனால் உடலுக்கு ஓய்வு என்பது அறவே இல்லை. ஒவ்வொரு கவுண்டியும் கோடையில் 28 ஆட்டங்கள் வரை ஆட வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆட்டமும் மூன்று நாள் என்பதால், ஞாயிறு தவிர வாரத்தின் ஆறு நாளும் களத்திலேயே கழிந்தன.

பொருளாதாரமும் இந்த ஏற்பாட்டுக்குத் துணைநின்றது. இங்கிலாந்தில் கால்பந்து வீரருக்கு எந்தக் கழகமும் இவ்வளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பு விதி 1961 வரை நடைமுறையில் இருந்தது. மில்டன் முதல் அணிக்கு வந்த 1951இல் அந்த உச்சவரம்பு பருவ காலத்தில் வாரத்துக்கு 14 பவுண்டு. விளையாட்டு இல்லாத கோடையில் அதற்கும் குறைவு. ஐம்பதாயிரம் பேர் கட்டணம் செலுத்திப் பார்க்க வந்த ஆட்டத்திலும் வீரருக்குக் கிடைத்தது ஒரு தேர்ந்த தொழிலாளியின் கூலியோடு ஒப்பிடத்தக்க தொகையே. கிரிக்கெட்டிலோ, கூலி பெறாமல் ஆடும் வசதி படைத்த 'அமெச்சூர்' வீரர்களையும் கூலி பெறும் தொழில்முறை வீரர்களையும் தனித்தனி வகுப்பினராகப் பிரித்துவைத்த வழக்கம் 1962 வரை நீடித்தது. மில்டன் இரண்டு விளையாட்டுகளிலும் கூலிக்கு ஆடியவர். பன்னிரு பெயர்களில் முதல்வரான லிட்டல்டன் பிரபு குடும்பத்தில் பிறந்து பொழுதுபோக்காக ஆடியவர். கடைசியவரான மில்டன் பிழைப்புக்காக ஆடியவர். இந்த எண்பது ஆண்டு இடைவெளியில் ஆங்கிலேய விளையாட்டு, கனவான்களின் களிப்பிலிருந்து உழைக்கும் மக்களின் தொழிலாக மாறியதன் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

ஆர்சனலுக்காக லீக்கில் 75 ஆட்டங்கள் ஆடி 18 கோல்கள் அடித்த மில்டன், 1955 பிப்ரவரியில் சொந்த ஊர்க் கழகமான பிரிஸ்டல் சிட்டிக்கு மாறினார். அக்கழகம் அந்தப் பருவத்தில் மூன்றாம் பிரிவுத் தென்மண்டலப் பட்டத்தை வென்று மேற்பிரிவுக்கு உயர்ந்தது. அந்த உயர்வுக்குத் துணைசெய்த கையோடு, இருபத்தேழு வயதிலேயே, அவர் கால்பந்தை முழுமையாக விட்டுவிலகினார். கால்கள் தளரும் முன்பே எடுத்த அந்த முடிவு கிரிக்கெட்டில் அவருக்கு இன்னும் இருபது கோடைகளைத் தந்தது.

களத்தைவிட்டு அகலாத ஒரு டெஸ்ட்

1958 ஜூலையில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மில்டன் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். முதல் இரண்டு நாட்களும் மழையால் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கியதும், ஈரமான களத்தில் ஜிம் லேக்கர், டோனி லாக் ஆகியோரின் சுழற்பந்துக்கு நியூசிலாந்து 67 ஓட்டங்களில் சுருண்டது. அடுத்து மில்டனும் எம்.ஜே.கே. ஸ்மித்தும் இங்கிலாந்தின் ஆட்டத்தைத் தொடங்கினர். ஸ்மித் இங்கிலாந்தின் ரக்பி அணியில் ஆடியவர் என்பதால், இரண்டு முனைகளிலும் இரட்டைப் பன்னாட்டு வீரர்களே நின்ற அபூர்வமான தொடக்க இணை அது.

ஸ்மித் விரைவிலேயே ஆட்டமிழந்தார். மில்டன் ஆட்டமிழக்காமல் 104 ஓட்டங்கள் எடுத்தார்; அணித் தலைவர் பீட்டர் மேயும் ஆட்டமிழக்காமல் 113 எடுத்தார்; இரண்டு விக்கெட் இழப்புக்கு 267 என்ற நிலையில் இங்கிலாந்து தன் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதன்பின் நியூசிலாந்து 129 ஓட்டங்களுக்கு வீழ்ந்து, ஓர் இன்னிங்சும் 71 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்றது. நியூசிலாந்து ஆடியபோது களத்தடுப்பாளராகவும், இங்கிலாந்து ஆடியபோது முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை மட்டையாளராகவும், மீண்டும் களத்தடுப்பாளராகவும் நின்ற மில்டன், ஒரு டெஸ்ட் ஆட்டம் முழுவதும் களத்தைவிட்டு அகலாத முதல் இங்கிலாந்து வீரர் ஆனார். குளோஸ்டர்ஷயர் வீரர் ஒருவர் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தது, 1880இல் டபிள்யூ.ஜி. கிரேஸ் அடித்ததற்குப் பிறகு அதுவே முதல் முறை.

அந்தத் தொடக்கத்துக்கு ஏற்ற தொடர்ச்சி அமையவில்லை. 1958-59 ஆஸ்திரேலியப் பயணத்தில், பன்னிரு பெயர்களில் பதினொன்றாமவரான வில்லி வாட்சனும் அவருடன் சென்றிருந்தார். இரட்டைப் பன்னாட்டு வீரர்களின் கடைசி இருவரும் ஒரே அணியில் பயணம் செய்த அந்தத் தொடரில், விரல் எலும்பு முறிந்ததால் மில்டன் பாதியிலேயே நாடு திரும்ப நேர்ந்தது. 1959 கோடையில் இங்கிலாந்துக்கு வந்த இந்திய அணிக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்டுகளே அவருடைய கடைசி டெஸ்டுகள். அவற்றில் அவருடன் ஆட்டத்தைத் தொடங்கிய யார்க்ஷயரின் கென் டெய்லரும் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கழகத்தின் தொழில்முறைக் கால்பந்து வீரரே. ஆறு டெஸ்டுகளில் 204 ஓட்டங்கள், சராசரி 25.50 என்பதோடு மில்டனின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

கவுண்டியின் தூண்

டெஸ்ட் எண்களை மட்டும் கொண்டு மில்டனை அளப்பவர் அவரைத் தவறவிடுவார். 1948 முதல் 1974 வரை அவர் 620 முதல்தர ஆட்டங்களில் 56 சதங்களுடன் 32,150 ஓட்டங்கள் எடுத்தார். நாற்பது வயதை நெருங்கிய 1967இல்கூட ஒரே பருவத்தில் இரண்டாயிரம் ஓட்டங்களைக் கடந்தார். வேகப்பந்தைப் பின்காலில் நின்று தாமதமாக ஆடுவதும், பந்தைத் தரையோடு தரையாக இடைவெளியில் தள்ளிவிட்டு, எதிரணி விழித்துக்கொள்ளும் முன் ஓர் ஓட்டத்தை எடுத்துவிடுவதும் அவருடைய முறை. பந்தை ஓங்கி விரட்டுவதைவிட, அது வந்து சேரும்வரை காத்திருப்பதில் நம்பிக்கை வைத்த ஆட்டம் அது.

அவருடைய 758 கேட்சுகள் தனியே பேசத்தக்கவை. அவற்றில் பெரும்பாலானவை, மட்டையாளருக்கு ஒரு சில அடி தூரத்தில், 'ஷார்ட் லெக்' போன்ற இடங்களில் குனிந்து நின்று பிடித்தவை. மட்டையின் உள்விளிம்பில் பட்டுத் தெறிக்கும் பந்து கையை வந்தடைய அரை நொடிகூட ஆகாத அந்த இடத்தில், தலைக்கவசம் அறியப்படாத அக்காலத்தில், வெறுங்கையோடும் தொப்பியோடும் நிற்க வேண்டும். பந்துவீச்சாளரின் கையைப் பார்ப்பதைவிட மட்டையாளரின் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்த்தே அங்கு நிற்பவர் பந்தின் போக்கை முன்கூட்டி அறிகிறார். ஜான் மார்டிமோர், டேவிட் ஆலன், சாம் குக், 'பாம்பர்' வெல்ஸ் எனச் சுழற்பந்து வீச்சாளர்களால் நிறைந்த குளோஸ்டர்ஷயர் அணிக்கு, அத்தகைய ஒரு களத்தடுப்பாளர் இன்னொரு பந்துவீச்சாளருக்குச் சமம். ஆட்டப் பட்டியலில் விக்கெட் பந்துவீச்சாளரின் பெயரிலேயே சேர்கிறது. அதைச் சாத்தியமாக்கிய கைகளுக்குரிய மதிப்பை உடன் ஆடியவர்களே முழுமையாக உணர்ந்திருந்தனர்.

அடைபட்ட வாயில்

மில்டனுக்குப் பிறகும் இரண்டு ஆட்டங்களையும் தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். 1964இல் வெஸ்ட் ஹாம் கழகத்தின் கோல்காப்பாளராக எஃப்.ஏ. கோப்பையை வென்ற ஜிம் ஸ்டாண்டன், அதே ஆண்டு கவுண்டிப் பட்டம் வென்ற வூஸ்டர்ஷயர் அணியிலும் பந்துவீச்சாளராக ஆடினார். 1975 செப்டம்பர் 15 அன்று செஸ்டர்ஃபீல்டில் லெஸ்டர்ஷயர் அணிக்காக 51 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்ற கிரிஸ் பால்டர்ஸ்டன், அன்று மாலையே டான்காஸ்டர் ரோவர்ஸ் கழகத்துக்காகக் கால்பந்து ஆடிவிட்டு, மறுநாள் திரும்பி வந்து தம் சதத்தை நிறைவு செய்தார். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் ஆடிய ஆர்னி சைட்பாட்டம் 1985இல் ஒரு டெஸ்ட் ஆடினார். ஆயினும் இவர்களுள் எவரும் இங்கிலாந்தின் கால்பந்து அணியை எட்டவில்லை.

காரணம் திறமைக் குறைவன்று. ஐரோப்பியக் கோப்பை 1955இலும் லீக் கோப்பை 1960இலும் தொடங்கின. மின்விளக்கு வெளிச்சத்தில் வார நாட்களின் இரவிலும் ஆட முடிந்ததால் கால்பந்தின் நாட்காட்டி இருபுறமும் நீண்டது. கிரிக்கெட்டிலும் 1963இல் ஒருநாள் கோப்பையும் 1969இல் ஞாயிறு லீக்கும் சேர்ந்தன. சம்பள உச்சவரம்பு நீங்கியபின், பெருந்தொகை கொடுத்து வாங்கிய கால்களைக் கோடைக் களத்தில் காயப்படவிடக் கழகங்களுக்கு மனம் இல்லை. வீரருக்கும் இரண்டாவது கூலி தேவைப்படவில்லை. உழைப்பவருக்கு உரிய ஊதியம் கிடைத்தது நியாயமே. அந்த நியாயத்தோடு கூடவே, ஒருவர் தம்முள் இருக்கும் இரண்டு திறமைகளுக்கும் வாழ்வளிக்கும் உரிமை சத்தமின்றி மறைந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மகளிர் விளையாட்டில், ஊதியமும் ஆட்டங்களும் குறைவாக இருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி இரண்டு விளையாட்டுகளிலும் உலகக் கோப்பையில் ஆடினார். மகளிர் கிரிக்கெட் முழுநேரத் தொழிலாக வளர்ந்தபோது அவரும் ஒன்றை விட்டுவிட வேண்டியதாயிற்று.

விடியற்காலைச் சைக்கிள்

1968இல் குளோஸ்டர்ஷயர் அணிக்குத் தலைமை தாங்கிய மில்டன், 1974இல் நாற்பத்தாறாம் வயதில் ஓய்வு பெற்றார். இரண்டு விளையாட்டுகளில் கால் நூற்றாண்டு உழைத்தும் செல்வம் சேர்க்க வழியில்லாத தலைமுறையைச் சேர்ந்த அவர், பிரிஸ்டலில் அஞ்சல்காரர் வேலையை ஏற்றார். வெம்ப்ளியில் ஆடிய கால்கள் சைக்கிளை மிதித்து, விடியும் முன் தெருத்தெருவாகக் கடிதங்களைக் கொண்டுசேர்த்தன. இதை வறுமையின் வீழ்ச்சியாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு, அவருடைய அடுத்த செயல் இடம் கொடுக்கவில்லை. அறுபது வயதில் அஞ்சல் துறை ஓய்வளித்தபோது, அந்த விடியற்காலைகளைப் பிரிய மனமில்லாமல், அதே தெருக்களில் சைக்கிளில் செய்தித்தாள் போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 2007 ஏப்ரல் 25 அன்று எழுபத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார்.

வரிசையில் கடைசியாக நின்றுவிட்டதால் மட்டும் மில்டன் பெருமைக்குரியவர் ஆகவில்லை. குளிர்காலத்தில் கால்பந்தையும் கோடையில் கிரிக்கெட்டையும், பின்பு கடிதப் பையையும் செய்தித்தாள் கட்டையும் ஒரே அக்கறையோடு சுமந்தவர் என்பதாலேயே அவர் நினைக்கத்தக்கவர். வேலையில் உயர்வு தாழ்வு காணாத அந்த மனம் இருந்ததால்தான் ஆண்டுக்கு இருமுறை காலணியை மாற்றி, இருவேறு களங்களில் புதியவராக இறங்க அவரால் முடிந்தது. அவருக்குப் பிறகு அந்த வாயில் அடைபட்டுவிட்டது. பிரிஸ்டலின் தெருக்களில் பல ஆண்டுகள், தங்கள் வாசலில் காலை நாளிதழை வைத்துவிட்டுச் சென்றவர் அந்த வாயிலைக் கடைசியாகக் கடந்துவந்தவர் என்று அறியாமலே பலர் கதவைத் திறந்து அதை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.